பக்கம் நாற்பத்தேழு

ஒரு மாநிலம் இருந்தது. மாநிலம் என்றால் தலைமைச் செயலகம் வேண்டுமே, அதுவும் இருந்தது. செயலகத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில், வெயில் எட்டிப் பார்க்காத ஒரு பதிவறை. அங்கே மூன்றாவது இரும்பு அலமாரியின் அடித்தட்டில் ஒரு கோப்பு முப்பத்தோரு வருடமாகப் படுத்திருந்தது.

அதற்கு வேலை எதுவும் இல்லை. ஆனால் அலுப்பு மட்டும் நிறைய இருந்தது. சும்மா படுத்துக் கிடப்பதில் வரும் அலுப்பு ஓடியாடி உழைப்பதில்கூட வராது.

கோப்புக்கு ஒரே ஒரு பெருமை. தன்னிடம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் இருக்கின்றன, ஒன்றுகூடத் தொலையவில்லை என்பதுதான் அது. அக்கம்பக்கத்துக் கோப்புகளில் சிலதைக் கரையான் அரித்தது, சிலதில் எலி குட்டி போட்டது. இது மட்டும் பக்கங்களைக் கோத்த டேக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முழுசாகக் கிடந்தது.

முப்பத்தோரு வருடத்துக்கு முன்பும் இந்த மாநிலத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று மேட்டுப் பக்கத்துக்காரர்கள் கேட்டார்கள். கூடாது என்று கரைப் பக்கத்துக்காரர்கள் சொன்னார்கள். அப்போது ஒரு குழு போட்டார்கள். குழு ஒன்பது ஊர்களுக்குப் போய் உட்கார்ந்து, மனு வாங்கி, டீ குடித்துவிட்டு வந்தது. அந்தக் குழுவின் கோப்புத்தான் இது.

அதன் நாற்பத்தேழாம் பக்கம் கையால் எழுதிய ஒரு மனு. நாவக்கோம்பை என்ற மலையடி ஊரிலிருந்து, பத்தாவது படித்திருந்த மாதம்மாள் என்ற பெண் ஊர் சார்பில் எழுதியது. மாநிலத்தைப் பிரிப்பதா வேண்டாமா என்று பெரியவர்கள் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் ஊர் அணைக்குள் போகப் போகிறது என்கிறார்கள். போகட்டும். ஆனால் நூற்றுப் பதினாறு வீட்டுக்காரர்களையும் ஒரே இடத்தில் குடிவையுங்கள், எங்களைப் பிரித்துவிடாதீர்கள். இதுதான் சாரம். அந்தக் குழுவில் யாரோ அதைப் படிப்பதை முதல் வரியோடு நிறுத்திவிட்டு, ஓரத்தில் 'வரம்புக்குள் வராது' என்று எழுதினார்கள். அதற்கப்புறம் அதை யாரும் புரட்டவில்லை.

இரண்டு வருடத்தில் அணை கட்டி முடிந்தது. நாவக்கோம்பை தண்ணீருக்குள் போனது. நூற்றுப் பதினாறு வீடுகளையும் நாலு குடியிருப்புகளாகப் பிரித்து மூன்று மாவட்டங்களில் போட்டார்கள். இந்தச் செய்தியெல்லாம் பதிவறைக்கு வந்த வருவாய்த் துறைக் கோப்பு ஒன்று சொல்லித்தான் நம் கோப்புக்குத் தெரியும். அன்றிலிருந்து நாற்பத்தேழாம் பக்கம் அதன் வயிற்றில் கல்லாகக் கிடந்தது.

இப்போது மறுபடி மேட்டுப் பக்கம் கொதித்தது. பேருந்துகள் ஓடவில்லை, ரயிலை மறித்தார்கள், இரண்டு பேர் செத்தார்கள். எல்லா அரசாங்கங்களும் செய்வதை இந்த அரசாங்கமும் செய்தது. குழு போடுவதாக அறிவித்தது.

குழு போட வேண்டுமானால் அது எதை ஆராயும், எங்கே போகும், யாரைக் கேட்கும் என்று வரம்பு எழுதியாக வேண்டும். செயலகத்தில் எதையும் புதிதாக எழுதுகிற வழக்கம் கிடையாது. முன்னால் எழுதியதைத் தேடி எடுத்து, தேதியையும் பெயரையும் மாற்றி, மேலே அனுப்புவார்கள். முன்மாதிரி இருந்தால் தப்பு வந்தாலும் எழுதியவர் தலை உருளாது. அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை காலை நம் கோப்பை அலமாரியிலிருந்து இழுத்துத் தூசி தட்டினார்கள்.

"வந்துவிட்டது நம் நேரம்" என்று கோப்பு நினைத்தது. பாவம், அதற்கு வெளியுலகம் பழக்கமில்லை.

மேலே இரண்டாம் மாடியில் பிரிவு அலுவலர் அம்பலவாணனின் மேசை. அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறப்போகிறவர். நாற்காலி முதுகில் துண்டைப் போட்டு உட்கார்ந்து, எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதலில் ஒரு பெருமூச்சு விடுவார். அவருக்குக் கீழே உதவிப் பிரிவு அலுவலர் புஷ்பலதா. வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது, ஆகவே எதையும் முழுசாகப் படிக்கிற கெட்ட பழக்கம் இன்னும் விடவில்லை.

"முன்னாடி எப்படிப் போச்சோ அப்படியே போட்டுடும்மா" என்றார் அம்பலவாணன். "வெள்ளிக்கிழமை சட்டசபை கூடுது. அதுக்குள்ள ஆணை வந்தாகணும்."

புஷ்பலதா பழைய கோப்பைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு கணினியில் அடித்தாள். அச்சு இயந்திரத்திலிருந்து சூடு ஆறாமல் வரைவு வெளியே வந்தது. அதன் தலையில் 'அவசரம்' என்ற சிவப்புச் சீட்டைக் குத்தினார்கள். சீட்டு ஏற்கெனவே ஏழெட்டுக் கோப்புகளில் இருந்து உருவப்பட்டு ஓட்டை ஓட்டையாக இருந்தது.

"நீங்க ரொம்ப அவசரமாக்கும்?" என்று கோப்பு மரியாதையாகக் கேட்டது.

"போன கோப்புல எட்டு மாசம் அவசரமா இருந்தேன்" என்றது சிவப்புச் சீட்டு. "அங்கேயே வெளுத்துப் போச்சு என் நிறம்."

வரைவு துருதுருவென்று இருந்தது. தனக்குள் ஐந்து பிரிவுகள் இருப்பதாகவும், முதல் பிரிவுதான் முக்கியம், நாடே அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றும் சொல்லிக்கொண்டது. மாநிலத்தைப் பிரிக்கலாமா என ஆராய்ந்து பரிந்துரைப்பது என்பது முதல் பிரிவு. நாலாம் பிரிவைப் பற்றி அதற்கு அக்கறையே இல்லை. ஒன்பது ஊர்களில் குழு அமர்ந்து, அந்தந்த ஊரில் வசிப்போரின் கருத்தைக் கேட்கும் என்று அதில் இருந்தது. கோப்பு ஊர்களைப் படித்துக்கொண்டே வந்தது. ஏழாவது ஊர் நாவக்கோம்பை.

கோப்புக்குத் திக்கென்றது. அது தன் வரி. எழுத்துக்கு எழுத்து தன் உடம்பிலிருந்து இறங்கியது.

"தம்பி, அந்த ஊர் இப்ப இல்லை" என்றது. "தண்ணிக்குள்ள இருக்கு. அதை எடுத்துட்டு, அணையால வெளியேத்தினவங்க எங்கே இருக்காங்களோ அங்கே போய்க் கேக்கணும்னு போட்டுக்க."

"உங்ககிட்ட இருந்ததுதானே எங்கிட்டயும் இருக்கு?" என்றது வரைவு. "நீங்க அரசாணையாகி வெளிய வந்தவரு. உங்ககிட்ட தப்பு இருக்குமா?"

அப்போது தப்பில்லை, இப்போது தப்பு என்று கோப்பு எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. ஒரு மனுவைப் பற்றிச் சொன்னது. நூற்றுப் பதினாறு வீடுகளைப் பற்றிச் சொன்னது. வரைவு காது கொடுக்கவில்லை. அதற்கு மேல்மாடிக்குப் போகிற குதூகலம்.

மேல்மாடியில் செயலாளரின் சட்டைப் பையில் பச்சைப் பேனா வசித்தது. அதற்கு அடித்துப் பேசுகிற வழக்கம் கிடையாது. யாரையும் நோகடிக்காமல் உயிரை மட்டும் எடுக்கத் தெரியும்.

"பிரிக்கலாமா என்றிருக்கிறதே" என்றது பச்சைப் பேனா. "கரைப் பக்கத்து அமைச்சர்கள் வருத்தப்படுவார்கள்."

"அப்ப, பிரிக்க வேண்டியது அவசியந்தானான்னு போட்டுடலாங்களா?" என்றது வரைவு.

"மேட்டுப் பக்கத்து அமைச்சர்கள் வருத்தப்படுவார்கள்."

நாலு நாள் இப்படியே நடந்தது. வரைவு காலையில் மேலே போகும், மாலையில் பச்சைக் கீறல்களோடு கீழே வரும். புஷ்பலதா திருத்தி அடிப்பாள். மறுபடி மேலே போகும். பரிந்துரைப்பது என்ற சொல் செவ்வாய்க்கிழமை போனது. ஆராய்வது என்ற சொல் புதன்கிழமை போனது. வியாழக்கிழமை சாயங்காலம் முதல் பிரிவு இப்படி வந்து நின்றது: 'மாநிலத்தின் பல்வேறு பகுதிகளில் எழுந்துள்ள உணர்வுகளைக் கருத்தில் கொண்டு, பொருத்தமான கருத்துகளைப் பொருத்தமான முறையில் தெரிவிப்பது.'

வரைவின் துள்ளல் அடங்கிவிட்டது. "இப்ப எனக்கு என்ன அர்த்தம்னு எனக்கே தெரியலைங்க" என்று கோப்பின் மேல் சாய்ந்து படுத்துக்கொண்டது. கோப்பு அதற்குக் கொஞ்சம் இடம் விட்டது. இதே கதி தனக்கும் நேர்ந்திருக்கிறது, அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

வேடிக்கை என்னவென்றால், முதல் பிரிவில் எல்லோரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் நாலாம் பிரிவை ஒருவரும் பார்க்கவில்லை. சண்டை இல்லாத பிரிவு என்று எல்லோரும் அதைத் தாண்டிப் போனார்கள். பச்சைப் பேனா அதன் பக்கம் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

பார்த்தவள் ஒருத்திதான். வியாழக்கிழமை கடைசியாகச் சரிபார்த்தபோது புஷ்பலதாவுக்கு ஏழாவது ஊரில் சந்தேகம் வந்தது. அவள் கல்லூரியிலிருந்து ஒரு தடவை அந்த அணைக்குச் சுற்றுலா போயிருக்கிறாள். படகில் போகும்போது, கீழே ஒரு ஊர் இருக்கிறது, கோடையில் கோயில் கோபுரம் தெரியும் என்று படகுக்காரர் பெயரோடு சொன்னது ஞாபகம் வந்தது. பென்சிலை எடுத்து ஓரத்தில், 'இந்த ஊர் அணைக்குள் இருக்கிறதா? மாவட்டத்தில் கேட்கலாமா?' என்று எழுதினாள்.

கோப்பு முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக மூச்சு விட்டது.

"நீ நல்லா இருப்பே" என்று பென்சிலைப் பார்த்துச் சொன்னது.

"ரொம்ப நம்பாதீங்க அண்ணே" என்றது பென்சில். "நான் எழுதினது எதுவும் மேல வரைக்கும் போனதில்ல."

அம்பலவாணன் வந்தார். பெருமூச்சு விட்டார். பென்சில் எழுத்தைப் படித்தார், இரண்டு தடவை படித்தார். கேள்வி சரியானதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. மாவட்டத்துக்குக் கடிதம் போட்டால் பதில் வரப் பத்து நாளாகும். பிரிவை மாற்றினால் ஐந்து மேசைகளில் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும். முன்மாதிரியில் இருக்கும் ஊரை ஏன் எடுத்தாய் என்று கேட்பார்கள், இல்லாத ஊரை ஏன் வைத்தாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

"மேல போற கோப்புல பென்சில் இருக்கக் கூடாதும்மா" என்றார்.

"சார், அங்க ஊரே இல்ல."

"ஊர் இல்லாட்டி என்ன, குழு போய்ப் பாத்துட்டு ஊர் இல்லைன்னு எழுதிட்டுப் போகுது. நாளைக்கு ஆணை வரணும். எனக்கு இன்னும் இருபத்தேழு நாள் இருக்கு. என்னை நிம்மதியா விடேன்."

அவர் கெட்டவர் இல்லை. களைத்துப் போனவர். அழிப்பானை எடுத்து மெதுவாக, காகிதம் கசங்காமல் தேய்த்தார். கேள்வி துகள்துகளாகச் சுருண்டது. அதை ஊதிவிட்டுக் கோப்பைக் கட்டினார்.

வெள்ளிக்கிழமை ஆணை வெளியானது. முதல் பிரிவைப் படித்துக் கரைப் பக்கத்தவர் தாங்கள் ஜெயித்ததாகப் பட்டாசு வெடித்தார்கள். மேட்டுப் பக்கத்தவரும் அதே பிரிவைப் படித்து அதே பட்டாசை வெடித்தார்கள். குழுவுக்கு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவரானார். அவருக்கு உதவியாகக் குழுச் செயலாளர் ஒருவர், எழுதுவதற்குப் புஷ்பலதா. குறிப்புக்குத் தேவைப்படும் என்று பழைய கோப்பையும் அவள் பையில் போட்டு அனுப்பினார்கள்.

ஆறு ஊர்களில் நன்றாகவே நடந்தது. மேடை போட்டார்கள், மாலை போட்டார்கள், மனுக்கள் மூட்டையாக வந்தன. வாங்கி வாங்கிப் புஷ்பலதாவுக்குத் தோள் வலித்தது. ஏழாவதாக நாவக்கோம்பை.

கார் போய் நின்ற இடத்தில் சாலை முடிந்தது. அதற்கு அப்பால் தண்ணீர், மலை வரைக்கும் தண்ணீர். கிராம நிர்வாக அலுவலர் கரையில் ஒரு பந்தல் போட்டு, மேசையும் நாலு நாற்காலியும் வைத்திருந்தார். அமர்வு பற்றிய அறிவிப்பை அந்த ஊரில் ஒட்ட வேண்டும் என்று உத்தரவு. ஊர் இல்லாததால் மனிதர் அணையின் நீர்மட்டம் காட்டுகிற தூணில் ஒட்டியிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை அமர்வு. நீதிபதி உட்கார்ந்தார். தண்ணீரைப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. பந்தலுக்கு இருபது அடி தள்ளி, அணை பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு மீன் வறுவல் கடை இருந்தது. கடைக்காரப் பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். பதினொன்றரை மணிக்குக் குழுவுக்கு நாலு தட்டில் ஜிலேபி மீன் போனது. நன்றாக இருக்கிறதென்று நீதிபதி சொன்னார். அந்தப் பெண் தட்டை எடுக்க வந்தவள், போகாமல் நின்றாள்.

"நாவக்கோம்பைக்காரங்களத்தான கூப்புட்டுருக்கீங்க? தூணுல ஒட்டியிருந்ததைப் பாத்தேன். நான் அந்த ஊர்க்காரிதாங்க. மாதம்மா."

பையை விட்டு மேசைக்கு வந்திருந்த கோப்பின் உடம்பு சிலிர்த்தது. நாற்பத்தேழாம் பக்கம் உள்ளே படபடவென்று அடித்துக்கொண்டது.

குழுச் செயலாளர் குடும்ப அட்டையைக் கேட்டார். அவள் கொண்டுவந்து காட்டினாள். அதில் ஏதோ ஒரு குடியிருப்பின் பெயர், எண்பது கிலோமீட்டர் தள்ளி, வேறு மாவட்டத்தில். அவர் ஆணையை எடுத்து நாலாம் பிரிவை ஒரு தடவை படித்துப் பார்த்துக்கொண்டார்.

"இந்த ஊர்ல வசிக்கிறவங்க கருத்தைத்தாம்மா நாங்க பதிவு பண்ண முடியும். நீங்க இங்க வசிக்கலையே."

மாதம்மாள் தண்ணீரைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"அங்க குடியிருக்கணும்னா மீனாத்தாங்க குடியிருக்கணும்" என்றாள்.

நீதிபதி தலையைக் குனிந்துகொண்டார். முப்பது வருடம் தீர்ப்பு எழுதிய கை மேசையில் சும்மா கிடந்தது. "வரம்பு அப்படித்தான் இருக்கும்மா. நான் போட்டதில்ல" என்று மட்டும் சொன்னார். வேண்டுமானால் அவளுடைய மாவட்டத்தில் ஒன்பதாவது அமர்வுக்கு வந்து மனு கொடுக்கலாம் என்று செயலாளர் யோசனை சொன்னார்.

"ஒருக்கா குடுத்தேங்க" என்றாள் அவள். "இதே மாதிரிதான் மேசை போட்டு உக்காந்திருந்தாங்க. ஊரு மந்தையில. வாங்கி வச்சுக்கிட்டாங்க." தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

அந்த மனு அவள் கைக்கெட்டும் தூரத்தில், கோப்புக்குள், ஒரு பேப்பர் வெயிட்டுக்கு அடியில் இருந்தது. கோப்புக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடமும் காப்பாற்றினேன் காப்பாற்றினேன் என்று தான் பட்ட பெருமையெல்லாம் என்ன? ஒரு பக்கம் விடாமல் வைத்திருந்தது. ஒரு பக்கத்தையும் யாரிடமும் சேர்க்கவில்லை. போதாததற்கு இன்றைக்கு அவள் வாயை அடைத்ததும் தன்னிடமிருந்து போன வரிதான்.

ஒரு மணிக்குச் செயலாளர் எழுந்து பேப்பர் வெயிட்டை எடுத்தார். அணைக்காற்று ஒரு வீச்சு வீசியது. கோப்பு பிரிந்து படபடத்தது. நாற்பத்தேழாம் பக்கத்தில் டேக் கோக்கிற ஓட்டை பழசாகி இற்றுப்போயிருந்தது. கோப்பு நினைத்திருந்தால் இன்னும் பத்து வருடம் பிடித்திருக்கலாம்.

அது பிடியை விட்டது.

காகிதம் பந்தலைத் தாண்டிப் பறந்து, மீன் கடையின் முன்பக்கக் கம்பத்தில் ஒட்டிக்கொண்டது. மாதம்மாள் அதை எடுத்தாள். அடுப்பில் போடப் போனவள், எழுத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். பிறகு நாலாக மடித்து மசாலா டப்பாவுக்குப் பின்னால் செருகிவைத்தாள். கார்கள் கிளம்பின. அன்றைய அமர்வுக் குறிப்பில், 'பொதுமக்கள் எவரும் கருத்துத் தெரிவிக்க முன்வரவில்லை' என்று செயலாளர் சொல்லச் சொல்லப் புஷ்பலதா எழுதினாள். எழுதும்போது அவள் நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை.

மூன்று வாரத்தில் குழு அறிக்கை கொடுத்தது. தொள்ளாயிரம் பக்கம். அதைப் பொருத்தமான இடத்தில் வைத்தார்கள். அம்பலவாணனுக்கு ஓய்வு பெற ஒரு வாரம் இருந்தது. பழைய கோப்பு பதிவறைக்குத் திரும்பியது.

பதிவறையில் ஒரு வழக்கம் உண்டு. கோப்பைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் பக்கத்தை எண்ணுவார்கள். படிக்கமாட்டார்கள், எண்ணுவார்கள். எண்ணினால் இருநூற்றுப் பதினொன்று.

செயலகம் அதிர்ந்தது. ரயிலை மறித்தபோதுகூட அந்தக் கட்டிடத்தில் இப்படி யாரும் ஓடியதில்லை. அன்று மாலையே விசாரணைக் குறிப்பாணை வந்தது. அதன் தலையில் அதே சிவப்புச் சீட்டு. "நிஜமாவே அவசரமா இருக்கிறது எனக்கு இதான் முதல் தடவை" என்று அது மூச்சிரைக்கச் சொன்னது. விசாரணையின் வரம்பு மூன்றே வரி. பக்கம் 47 எப்போது காணாமல் போனது? அதற்கு யார் பொறுப்பு? அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது என்ன? ஒரு சொல்லைக்கூடப் பச்சைப் பேனா மாற்றவில்லை.

மூன்றாவது வரியைக் கோப்பு திரும்பத் திரும்பப் படித்தது. முப்பத்தோரு வருடத்தில் அரசாங்கம் அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"நான் வீட்டுக்குப் போகணும்மா" என்றார் அம்பலவாணன். ஒரு நாளில் பத்து வயது கூடியவராகத் தெரிந்தார். "பக்கம் கிடைக்காம என்னை விடமாட்டாங்க."

புஷ்பலதா கோப்பின் முகப்பில் இருந்த பட்டியலைப் பார்த்தாள். பக்கம் 47, மனு, மாதம்மாள், நாவக்கோம்பை. அவளுக்கு மீன் தட்டு ஞாபகம் வந்தது. மறுநாள் முதல் பேருந்தில், கோப்பைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

மாதம்மாள் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். புஷ்பலதா தன்னை யாரென்று சொல்லி, ஒரு காகிதம் காணோம், கிடைக்காவிட்டால் ஒரு பெரியவருக்குக் கஷ்டம் என்றாள். மாதம்மாள் கையைக் கழுவி, புடவையில் துடைத்து, டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்து நீட்டினாள். புஷ்பலதா வாங்கி அவசரமாகக் கோப்புக்குள் வைக்கப் போனாள்.

"எடுத்துட்டுப் போங்க கண்ணு" என்றாள் மாதம்மாள். "படிச்சுட்டு எடுத்துட்டுப் போங்க."

புஷ்பலதா பலகையில் உட்கார்ந்தாள். சத்தமாகவே படித்தாள். அணை, நூற்றுப் பதினாறு வீடு, எங்களைப் பிரித்துவிடாதீர்கள் எல்லாம் வந்தது. கோப்பு இத்தனை காலமும் சுமந்த எழுத்தை முதல் தடவையாக ஒரு மனிதக் குரலில் கேட்டது. மாதம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு, யாரோ எழுதியதைக் கேட்கிறவளாக நின்றிருந்தாள். கடைசி வரி வந்ததும் புஷ்பலதா காகிதத்தைத் தாழ்த்தினாள். தண்ணீரைப் பார்க்காமல் இருக்க முயன்று, பார்த்துவிட்டாள். கடைசி வரி இதுதான்: 'பதில் சொல்ல நீங்கள் எப்போது வந்தாலும் வாருங்கள். நாங்கள் எங்கும் போகமாட்டோம், இங்கேதான் இருப்போம்.'

"சின்ன வயசு. தெரியாம எழுதிட்டேன்" என்றாள் மாதம்மாள்.

புஷ்பலதா செயலகத்துக்குத் திரும்பி, பக்கத்தைக் கோத்து, விசாரணைக்குப் பதில் எழுதினாள். இந்தத் தடவை பென்சிலைத் தொடவில்லை. நீல மையில், முழுத்தாளில் எழுதினாள். பக்கம் கிடைத்த விதம், அதில் இருந்த கோரிக்கை, அந்த ஊர்க்காரர்கள் இன்று நாலு இடத்தில் சிதறிக் கிடப்பது, அவர்களைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும் என்பது, எல்லாவற்றையும் எழுதினாள். அம்பலவாணன் படித்தார். அழிப்பானைத் தேடவில்லை. கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கோப்பு இரண்டு நாள் மேல்மாடியில் காத்திருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களோடும் தூங்காமல் காத்திருந்தது. மூன்றாம் நாள் காலை பச்சைப் பேனா வந்தது. முதல் வரியைப் படித்தது. கடைசியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தது. பிறகு கீழே, அழகான எழுத்தில், யாரையும் நோகடிக்காமல் எழுதியது:

'பக்கம் கிடைத்துவிட்டது. மேல்நடவடிக்கை தேவையில்லை.'